மூன்று பேர் சொன்ன ஒரு மரணம்

இந்த வருஷம் ஹதீஸ் வகுப்பை ஏற்றுக்கொண்டிருக்கும் தம்பிமார்களுக்கு.

நான் ஓய்வு பெற்ற அன்று சந்தன மாலையோடு வந்து, "ஹஜ்ரத், உங்கள் அனுபவத்திலிருந்து நாலு வார்த்தை சொல்லுங்கள்" என்று கேட்டீர்கள். தொண்டை சரியில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். தொண்டைக்கு ஒரு கேடும் இல்லை. சொல்ல வேண்டியது மாலை போட்டுக்கொண்டு சொல்லக்கூடியதாக இல்லை, அவ்வளவுதான். அதனால் எழுதித் தருகிறேன்.

பாடம் உங்களுக்குத் தெரியும். என்னைவிட நன்றாகவே தெரியும் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பதும் எனக்குத் தெரியும். ஆனால் இந்தக் காகிதம் நம் தொழிலில் இல்லாதவர் கைக்கும் போகலாம், அவருக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஹதீஸ் என்பது நபிகள் நாயகம் சொன்னதாக வரும் செய்தி, அப்படி ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு பெயர் வரிசை இருக்கும். நான் இன்னாரிடம் கேட்டேன், அவர் இன்னாரிடம் கேட்டார் என்று அது நபித்தோழர் வரை போகும். ஆரம்ப காலத்து அறிஞர்கள் செய்தியைத் தொடுமுன் இந்த வரிசையைத்தான் தடவிப் பார்த்தார்கள். இவர் அவரை உண்மையிலேயே சந்தித்தாரா? ஒருவர் பிறக்கும் முன்பே மற்றவர் இறந்துவிட்டாரா? நினைவு திடமா, வயதான பிறகு குழம்பிப் போனாரா? ஒரே ஒரு செய்தியைச் சொன்னவர் வாயாலேயே கேட்பதற்காக ஒரு மாதம் ஒட்டகத்தில் போனவர்கள் உண்டு. பெற்ற தகப்பனையே, "அவர் சொல்வதை எடுக்காதீர்கள், அவர் பலவீனமானவர்" என்று சபையில் சொன்ன மகன் உண்டு. தொழுது தொழுது நெற்றி தழும்பேறியவரை, "நல்ல மனிதர், துஆ செய்யச் சொல்லிக் கேளுங்கள், ஹதீஸ் மட்டும் கேட்காதீர்கள்" என்று ஒதுக்கிவைத்தவர்களும் உண்டு. பக்திமான்களிடம்தான் அவர்கள் ரொம்பவும் ஜாக்கிரதையாக இருந்தார்கள்.

இதையெல்லாம் நான் நாமக்கல் மதரஸாவில் வருஷா வருஷம் அழகாக நடத்தினேன். மாணவர்கள் வாய் பிளந்து கேட்பார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது.

இருபதுகளில் நான் ஓதிக்கொண்டிருந்தபோது என் உஸ்தாது ஒருநாள் என் பலகையை வாங்கிப் பார்த்தார். அந்தப் பெயர் வரிசையில் வரும் ஒரு அறிவிப்பாளரின் பெயருக்குப் பக்கத்தில் "பொய்யன்" என்று எழுதி, அந்தச் செய்திக்குக் குறுக்கே கோடும் போட்டிருந்தேன். ஈரத்துணியைக் கொடுத்து அழிக்கச் சொன்னார். "இவர் தனியாகச் சொன்னால் நாம் ஏற்கமாட்டோம், வேறு வழியில் வருகிறதா என்று பார்ப்போம். இப்படி எழுது" என்றார். இரண்டும் ஒன்றுதானே என்று கேட்டேன். "ஆள் பொய்யனாக இருக்கலாம், அவன் கொண்டுவந்த செய்தி உண்மையாகவும் இருக்கலாம். உனக்குத் தெரியாததைத் தெரியாது என்று வை. பொய் என்று ஏன் வைக்கிறாய்?" என்றார். கிழவர் தலைமுடியைப் பிளக்கிறார் என்று நினைத்துக்கொண்டே அழித்து எழுதினேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டதும் அங்கே பிழைக்கப் போன நம் ஜனங்கள் காட்டு வழியாக நடந்தே திரும்பத் தொடங்கியது நீங்கள் கேள்விப்பட்டதுதான். எங்கள் பள்ளிவாசல் தெருவிலிருந்து போனவன் காசிம். வயது இருபத்தாறு. ரங்கூனில் துணிக்கடை ஒன்றில் வேலை. மனைவி ஜைனம்பு இங்கே அவனுடைய அண்ணன் இப்ராஹீமின் வீட்டில் இருந்தாள். கல்யாணமாகி அவனோடு இருந்தது மொத்தம் எட்டு மாதம். நடந்து வந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து சேரும்போதெல்லாம் இப்ராஹீம் ஓடிப் போய்க் கேட்பார். காசிமைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

முதலில் செய்தி கொண்டுவந்தவர் ஹாஜியார். தோல் வியாபாரி. மக்காவுக்குப் போய் வந்தவர், ஐந்து வேளையும் முதல் வரிசையில் நிற்பவர். அவரும் ரங்கூனிலிருந்து நடந்து, பாதி உடம்பாகத் திரும்பி வந்திருந்தார். பள்ளிவாசலில் எல்லார் முன்னாலும், "காசிம் வழியிலேயே மவுத்தாயிட்டானுங்க. அங்கயே அடக்கம் பண்ணியாச்சுங்க" என்று சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதார். அந்த அழுகையைப் பார்த்து எனக்கும் கண் நிறைந்தது.

ஆனாலும் நான் ஹதீஸ் படித்தவன் ஆயிற்றே. ஒருவர் சொன்னது போதாது, இன்னும் வழிகள் வரட்டும் என்றேன். பத்து நாளில், திருச்செங்கோட்டுக்காரர் ஒருவரும் திரும்பி வந்திருப்பது தெரியவந்தது. ஆள் அனுப்பிக் கேட்டோம். "ஆமாங்க, காசிம் போயிட்டாப்ல" என்றார். அடுத்த வாரம் ராசிபுரத்துக்காரர். அவரும் அதையே சொன்னார். மூன்று வெவ்வேறு ஊர், மூன்று வெவ்வேறு ஆள், ஒரே செய்தி. எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. கிதாபில் இருப்பதை ஊரில் நடத்திக் காட்டிவிட்டேன் என்று நினைத்தேன். காசிம் இறந்தது உறுதி என்று ஜமாஅத்தில் அறிவித்தேன். இறந்தவர் உடல் கண்முன் இல்லாமலே தொழும் ஜனாஸா தொழுகை நடந்தது. ஜைனம்பு வளையலைக் கழற்றிவிட்டு, கணவனை இழந்தவள் வீட்டை விட்டு வெளியே வராமல் இருக்க வேண்டிய நான்கு மாதம் பத்து நாள் இத்தாவில் உட்கார்ந்தாள்.

நான் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இருந்தது. கழுதைகூடக் கேட்டிருக்கும். திருச்செங்கோட்டுக்காரரிடமும் ராசிபுரத்துக்காரரிடமும், "நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா, யாரிடமாவது கேட்டீர்களா?" என்று நான் கேட்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, அவர்கள் இருவரும் கல்கத்தாவிலிருந்து வந்த ரயிலில் ஹாஜியாரோடு ஒரே பெட்டியில் வந்தவர்கள். அவர் சொல்லித்தான் அவர்களுக்கே தெரியும். மூன்று வழி என்று நான் எண்ணியது ஒரே வழிதான். வகுப்பில் இதே தவறை நூறு செய்திகளில் பிடித்துக் காட்டியிருக்கிறேன். பல வாய்க்கால்கள் தெரிந்தால் மேலே ஏறிப் பார், எல்லாம் ஒரே கிணற்றிலிருந்து வருகிறதா என்று பார் என்று கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

இத்தா தொடங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு நாள் சாயங்கால அஸர் தொழுகை முடிந்து வெளியே வருகிறேன், பள்ளிவாசல் வாசலில் பல்லு பீரான் நிற்கிறான்.

பீரானைப் பற்றிச் சொல்ல வேண்டும். பீர் முகமது என்பது பெயர். நாமக்கல் சந்தையில் மாட்டுத் தரகன். மாட்டுக்குப் பல்லைப் பார்த்துத்தானே வயது சொல்வார்கள், பல் தேய்ந்த கிழட்டு மாட்டை நாலு பல் இளம் மாடு என்று சத்தியம் செய்து விற்பான். அதனால் அந்தப் பெயர். ஒரு கவுண்டரிடம் வகையாக மாட்டிக்கொண்டு, அடிக்குப் பயந்து ரங்கூனுக்குக் கப்பலேறியவன். இப்போது அவனும் நடந்து வந்திருந்தான். கன்னம் குழி விழுந்து, காலில் துணி சுற்றி இருந்தது.

"அஜரத்து, காசிம் உசுரோட இருக்கறாப்லீங்க" என்றான். "மணிப்பூர்ப் பக்கம் முகாம் ஆஸ்பத்திரில கெடக்கறாப்ல. நான் பாத்தனுங்க. ஆள் அனுப்புனா தூக்கிட்டு வந்தர்லாமுங்க."

தொழுது முடித்து வந்த கூட்டம் அப்படியே நின்றது. இப்ராஹீம் ஓடி வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். ஹாஜியாரும் அங்கேதான் இருந்தார்.

நான் பீரானைப் பள்ளிவாசல் முற்றத்தில் உட்காரவைத்து விசாரித்தேன். நல்ல விசாரணை. இன்று நினைத்தாலும், அப்படி ஒரு விசாரணையை நான் பிறகு செய்ததில்லை. என்றைக்குப் பார்த்தாய்? வெள்ளிக்கிழமை என்றான். மறுநாளே ரயில் ஏறினேன் என்றான். ரயில் ஏறியது என்ன கிழமை? ஞாயிறு என்றான். கூட்டத்தில் ஒரு சலசலப்பு. காசிமுக்கு என்ன? காலில் புண். எந்தக் கால்? வலது கால். வேறு இரண்டு கேள்வி கேட்டுவிட்டுத் திரும்பவும் எந்தக் கால் என்றேன். இடது கால் என்றான். பிறகு அவன் பழக்கம் அவனை விடவில்லை. "வெள்ளக்கார தொரசானி ஒருத்தி வெள்ளித் தம்ளர்ல பால் ஊட்டி உடறாளுங்க" என்றான். கூட்டம் கொல்லென்று சிரித்தது. "பீரா, அந்தத் தம்ளருக்கு எத்தன பல்லு?" என்று ஒருவர் கேட்டார். நானும் சிரித்தேன். அதை மறைக்காமல் எழுதுகிறேன்.

பிறகு ஹாஜியார் பக்கம் திரும்பி, "நீங்கள் அடக்கம் செய்தது காசிமைத்தானே?" என்று கேட்டேன். அவர் தலையை நிமிர்த்தவில்லை. தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டே தலையை ஆட்டினார். கண்ணீர் தாடியில் இறங்கியது. எனக்கு அது போதுமாக இருந்தது.

இப்ராஹீமின் வீடு இரண்டு வாசல் தள்ளித்தான். அவர் எழுந்து போய்விட்டுச் சீக்கிரமே திரும்பி வந்தார். "ஜைனம்பு ஒண்ணு கேக்கச் சொல்லுதுங்க" என்றார். "எனக்கு ஏதாச்சும் சொல்லி உட்டாராங்குது."

எல்லோரும் பீரானைப் பார்த்தோம்.

"இல்லீங்க" என்றான். "தண்ணி கேட்டாப்ல. அண்ணனை ஆள் அனுப்பச் சொல்லுன்னாப்ல. அந்தப் புள்ள பேரைச் சொல்லலீங்க."

"ஒழுங்காப் பொய் சொல்லக்கூடத் தெரியலியே" என்றார் யாரோ. மறுபடி சிரிப்பு.

இப்ராஹீம் என் பக்கத்தில் வந்து மெதுவாக, "அஜரத்து, எதுக்கும் நான் ஒருதரம் போயிப் பாத்துட்டு வாரனுங்களே" என்றார். துணியைக் கூட எடுத்து வைத்துவிட்டாராம். நான் எழுந்து நின்று தீர்ப்புச் சொன்னேன். பொய்யில் ஊறியவன், ஒன்றுக்கொன்று முரணாகப் பேசுகிறான், நம்பிக்கைக்குரிய மூவர் சொன்னதற்கு எதிராகத் தனியாக நிற்கிறான், இவன் சொன்னது பொய் என்றேன். "அடக்கமான மய்யித்தைத் தேடி ரயிலேறாதே, அந்தப் பெண்ணின் மனசைக் கலைக்காதே" என்று இப்ராஹீமைத் தடுத்தேன்.

பீரான் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டான். அவன் கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "மாட்டு விசயத்துல பொய் சொல்லுவனுங்க, இல்லீங்கல. இதுல எனக்கு என்னுங்க தரகு வருது?" என்று மட்டும் கேட்டான்.

"பழக்கம்" என்றேன். கூட்டத்துக்கு அதுவும் பிடித்திருந்தது.

அவன் போன பிறகு இப்ராஹீம் இன்னொரு முறை வீட்டுக்குப் போய்த் திரும்பினார். ஜைனம்பு சொல்லி அனுப்பியதை அப்படியே சொன்னார். "பொய் சொல்ல வந்தவனா இருந்தா எனக்குன்னு ஒரு வார்த்தை கொண்டாந்திருப்பான். அவன் ஒண்ணுங் கொண்டாரல. அவன் பாத்துட்டுத்தான் வந்திருக்கறான்."

தம்பிமார்களே, அந்தப் பெண் குர்ஆன் ஓதத் தெரிந்தவள், அதற்கு மேல் ஒன்றும் படிக்கவில்லை. ஆனால் அந்த மாலை அங்கே ஹதீஸ் அறிஞரைப் போலப் பேசியது அவள் ஒருத்திதான். பொய்யன் எங்கே பொய் சொல்லியிருப்பான் என்று பார்க்க வேண்டும். அந்த இடத்தில் அவன் சொல்லவில்லை என்றால் நின்று யோசிக்க வேண்டும். தம்ளர் வெள்ளியாக இருந்ததா என்பதில் அவன் கயிறு திரித்தான். அவளுக்கு ஒரு வார்த்தை திரித்திருந்தால் எல்லோரும் நம்பியிருப்போம், அவனுக்கும் அது தெரியும். அவன் திரிக்கவில்லை. பெண்கள் அறிவித்த செய்திகளை முன்னோர் எப்படி மதித்து ஏற்றார்கள் என்று நான் வகுப்பில் நீட்டி முழக்குவேன். அன்று நான் இப்ராஹீமிடம் சொன்னது, "துக்கத்தில் இருக்கிறவள் அப்படித்தான் பேசுவாள், ஆறுதல் சொல்லுங்கள்" என்பது.

அவள் இத்தா முடிந்து பதினொரு நாள் கழித்து ஒரு தபால் அட்டை வந்தது. மணிப்பூர் முகாம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த தஞ்சாவூர்ப் பக்கத்துக் கம்பவுண்டர் ஒருவர் தமிழில் எழுதியிருந்தார். இப்ராஹீம் அதை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். உங்கள் தம்பி காசிம் இன்ன தேதியில் காலமானார். இரண்டு காலிலும் புண் முற்றிவிட்டது. ஊரிலிருந்து ஆள் வரும் என்று கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். பீரான் அண்ணன் நேரில் போய்ச் சொல்லியிருப்பார் என்று நம்பிக்கையாக இருந்தார். அவ்வளவுதான் அட்டையில்.

இரண்டு காலிலும். வலது என்றதும் சரி, இடது என்றதும் சரி. முரண்போலத் தெரியும் இரண்டு செய்திகளை முதலில் இணைக்க முடியுமா என்று பாருங்கள், பிறகுதான் தள்ளுங்கள் என்பது முன்னோர் வைத்த ஒழுங்கு. அது எனக்குத் தெரியாததா?

தேதியைக் கணக்கிட்டேன். பீரான் எங்கள் முற்றத்தில் உட்கார்ந்திருந்த நாளிலிருந்து நாற்பது நாள் காசிம் உயிரோடு இருந்திருக்கிறான். இப்ராஹீம் அன்று ரயிலேறியிருந்தால் பத்தே நாளில் அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருப்பார். பிழைத்திருப்பானா என்று எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்றே வைக்கிறேன். அண்ணன் முகத்தைப் பார்த்திருப்பான் என்பது தெரியும்.

அட்டையை எடுத்துக்கொண்டு ஹாஜியார் வீட்டுக்குப் போனேன். படித்துக் காட்டினேன்.

"உழுந்துட்டானுங்க" என்றார். "தண்ணி கேட்டான். எங்கிட்ட இல்லீன்னு சொன்னனுங்க." தஸ்பீஹ் மணியைக் கீழே வைத்தார். "இருந்துச்சுங்க. ஒரு மடக்கு இருந்துச்சு. நான் திரும்பிப் பாக்காம நடந்துட்டனுங்க. செத்திருப்பான்னுதான் நெனச்சேன். உட்டுட்டு வந்தன்னு எப்படீங்க சொல்றது? அடக்கம் பண்ணியாச்சுன்னு வாயில வந்துருச்சு."

அவர் அழுதது நிஜமான அழுகைதான். நான்தான் அது எதற்கான அழுகை என்று கேட்கவில்லை. அவரை ஒரு வார்த்தை திட்டவில்லை, எனக்கு அதற்கு வாயும் இல்லை. அவர் பயத்தில் ஒருமுறை விட்டுவிட்டு வந்தார். நான் இரண்டாம் முறை, பள்ளிவாசலில் உட்கார்ந்துகொண்டு, சட்டம் பேசி, சிரித்துக்கொண்டே விட்டேன்.

பீரானைத் தேடிச் சந்தைக்கும் போனேன். ஊரை விட்டுத் தம்மம்பட்டிப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். அந்த அஸருக்குப் பிறகு சந்தையில் எல்லோரும் வெள்ளித் தம்ளர் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்களாம். இரண்டு முறை தம்மம்பட்டிக்குப் போய் விசாரித்தேன், ஆள் அகப்படவில்லை. அவனிடம் மன்னிப்புக் கேட்காமலேதான் நான் கபருக்குப் போகப்போகிறேன்.

இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. அதை வேறு யாரிடமும் தள்ள முடியாது. இத்தா என்பது கணவன் உண்மையில் இறந்த நாளிலிருந்துதான் தொடங்கும். ஜைனம்பு வெள்ளை உடுத்தி உட்கார்ந்திருந்த அந்த நான்கு மாதத்தில் பெரும்பகுதி அவன் உயிரோடு இருந்தான். அது இத்தாவே இல்லை. அவன் இறந்த நாளிலிருந்து எண்ணினால் இன்னும் மூன்று மாதம் அவள் உட்கார வேண்டும். ஏற்கெனவே ஒரு முறை விதவையாக்கியவளைப் போய் இன்னொரு முறை விதவையாக்க வேண்டும். முதல் முறை சொன்ன அதே வாய்தான் இந்த முறையும் சொல்ல வேண்டும்.

அட்டை வந்த மறுநாள் காலை இப்ராஹீம் வீட்டுக்குப் போனேன். அவள் திரைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். இத்தா முடிந்து மறுபடி போட்டிருந்த வளையல் கேட்டது. நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். தேதி, ஆஸ்பத்திரி, மீதி இருக்கும் மூன்று மாதம் எல்லாவற்றையும் சொன்னேன். மன்னித்துவிடம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"அஜரத்து, இந்தத் தடவை சொன்னவங்க நேருல பாத்தவங்கதானுங்களா?"

"ஆமாம்மா" என்றேன். "பக்கத்திலேயே இருந்தவர்."

"இன்னொருக்கா மாத்திச் சொல்ல மாட்டீங்கல்ல?"

திரைக்கு அந்தப் பக்கம் வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் தட்டில் வைக்கும் சத்தம் கேட்டது. அது நிற்கும் வரை நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.